எஸ்.எஸ். தொட்டிக்குள் நானோ கோட்டிங்: போடலாமா, சும்மா பேச்சா?

கேன்வாட்டர்காரன் | திங்கள், காலை 7:40

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் சின்னதாக ஒரு கேன் தண்ணீர் பிளாண்ட் நடத்துகிறேன். போர் தண்ணீர், மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ., அப்புறம் ஆயிரம் லிட்டர் எஸ்.எஸ். 304 தொட்டி, அங்கிருந்து யூ.வி. வழியாக ஃபில்லிங். எல்லாரும் வைத்திருக்கிற அமைப்புதான். பிரச்சினை என்னவென்றால், தொட்டியைக் கழுவிய பத்துப் பன்னிரண்டு நாளில் உள்சுவரில் கையை வைத்தால் வழவழவென்று வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தாலும் பளபளவென்றுதான் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தேய்த்தால் மட்டும் விளக்கெண்ணெய் தொட்ட மாதிரி. போன மாத லேப் ரிப்போர்ட்டில் மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை ஏறியிருந்தது, இரண்டு கடைக்காரர்கள் கேனில் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். நானோ டைட்டானியம் கோட்டிங்காம், ஜப்பான் டெக்னாலஜியாம், தொட்டிக்குள் ஒரு தடவை ஸ்பிரே அடித்துவிட்டால் ஐந்து வருடத்துக்குப் பாக்டீரியா ஒட்டவே ஒட்டாதாம், 99.9 சதவீதம் சாகுமாம். ஒரு சின்ன எஸ்.எஸ். தகட்டைக் கையில் கொடுத்துத் தண்ணீர் விடச் சொன்னார். தாமரை இலையில் உருள்கிற மாதிரி முத்து முத்தாக உருண்டு விழுந்தது. பார்க்க அசத்தலாகத்தான் இருந்தது. தொட்டிக்கு 45,000 கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போடலாமா?

எதிலும்சந்தேகம் | திங்கள், காலை 8:05

ஐந்து வருடம் என்று எழுத்தில் கொடுப்பாரா என்று கேளுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நானோகுழாய் | திங்கள், காலை 10:22

நான் இந்தத் துறையில்தான் நாலு வருடம் ஆய்வகத்தில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், உங்கள் ஆள் காட்டிய வித்தையும் அவர் சொன்ன பொருளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நானோ டைட்டானியம் என்று இவர்கள் சொல்வது டைட்டானியம் டை ஆக்சைடு, அந்தப் பூச்சு நன்றாக வேலை செய்தால் தண்ணீர் உருளாது. புற ஊதா ஒளி பட்ட பிறகு அதில் தண்ணீர் விட்டால் கண்ணாடியில் எண்ணெய் பரவுவதைப் போலத் தட்டையாகப் பரவிவிடும். 1997-இல் ஜப்பானியக் குழு ஒன்று நேச்சர் இதழில் வெளியிட்ட விஷயமே இதுதான், இதை வைத்துத்தான் அழுக்கு தங்காத கட்டடக் கண்ணாடி எல்லாம் வந்தது. மழை பெய்தால் நீர் படலமாக இறங்கி அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். முத்து முத்தாக உருள்கிறது என்றால் அது பெரும்பாலும் சிலிக்காவும் ஃப்ளோரின் கலந்த ஏதோ ஒரு பூச்சுமாக இருக்கும். அதுவும் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கி இருந்தால் இடுக்கில் பிடித்து வைத்திருக்கும் காற்றுப் படலம் நாளடைவில் கரைந்து போய்விடும், அப்புறம் அது சாதாரண சொரசொரப்பான பரப்பு. தாமரை இலையே மிதக்கும்போதுதான் தாமரை இலை.

இரண்டாவது, டைட்டானியம் டை ஆக்சைடு எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அதில் ஒளி படவேண்டும். டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டியது, இந்த ஆக்சைடில் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீரையே பிளக்கும் என்பது. அதே வேலைதான் இங்கேயும். ஒளி ஒரு எலக்ட்ரானைத் தூக்கிவிடுகிறது, அது இருந்த இடம் காலியாகிறது, அந்தக் காலியிடமும் எலக்ட்ரானும் பரப்புக்கு வந்து தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்சில், சூப்பராக்சைடு மாதிரியான வெறிபிடித்த துகள்களை உண்டாக்குகின்றன. பாக்டீரியாவின் சவ்வைப் பொத்தலாக்குவது இவைதான். 1985-இல் மட்சுனாகா குழுவினர் இப்படிப் பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் கொன்று காட்டினார்கள். எல்லாம் உண்மையான விஞ்ஞானம், ஏமாற்று இல்லை. ஆனால் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு 387 நானோமீட்டரை விடக் குறைந்த அலைநீள ஒளி வேண்டும். வெயிலிலேயே புற ஊதா நூற்றுக்கு நாலைந்து பங்குதான். ட்யூப் லைட்டில் இன்னும் குறைவு.

உங்கள் தொட்டிக்குள் என்ன வெளிச்சம் இருக்கிறது அண்ணா?

கேன்வாட்டர்காரன் | திங்கள், காலை 11:15

மூடி போட்டு கேஸ்கட் வைத்து இறுக்கியிருக்கிறோம். கும்மிருட்டு.

எதிலும்சந்தேகம் | திங்கள், காலை 11:18

முடிந்தது கதை.

கேன்வாட்டர்காரன் | திங்கள், பகல் 12:02

இல்லை இல்லை, ஒரு யோசனை. நம்மிடம்தான் யூ.வி. விளக்கு இருக்கிறதே, இன்னொன்று வாங்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டால்? கோட்டிங்கும் வேலை செய்யுமே.

நானோகுழாய் | திங்கள், பகல் 1:30

செய்யும். ஆனால் 254 நானோமீட்டர் விளக்கை இறக்கினால் ஒளி படும் இடத்தில் விளக்கே நேரடியாகக் கொன்றுவிடும், கோட்டிங்குக்கு எதற்கு 45,000? படாத இடத்தில் இரண்டுமே வேலைக்கு ஆகாது. கேஸ்கட்டின் பின்பக்கம், வெல்டிங் மடிப்பு, அவுட்லெட் குழாயின் கழுத்து என்று நிழல் விழும் இடம் எல்லாம் அப்படியே இருக்கும், பாக்டீரியா அங்கேதான் குடியிருக்கும்.

இன்னொன்று. ஹைட்ராக்சில் துகள் பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தூரம்கூடப் போகாது, அதற்குள் கிடைத்ததோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஒரு பாக்டீரியாவே ஆயிரம் நானோமீட்டர் அளவு. ஆக, பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கிற முதல் அடுக்குக்குத்தான் அடி விழும். அது செத்தால் அதன் உடம்பே மேலே இருப்பவர்களுக்குப் பாய். ஒளி நீண்ட நேரம் விழுந்துகொண்டே இருந்தால் செத்த உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும் என்பது உண்மை, வெயில் படும் டைல்ஸில் அதனால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது ஆமை வேகம். மேலே ஒரு நாளில் ஒரு படலம் வளர்ந்துவிட்டால் ஆமை தோற்றுவிடும், இந்தக் கதையில் முயல் தூங்காது.

அகார்தட்டு | திங்கள், மாலை 6:48

மைக்ரோபயாலஜி லேப்பில் வேலை. ஒரு சந்தேகம் யாருக்கும் வரவில்லையே என்று எழுதுகிறேன். 99.9 என்பது எந்தச் சோதனையில்? அநேகமாக ஐ.எஸ்.ஓ. 22196 ஆக இருக்கும், ஜப்பானில் 2000-இல் வந்த ஜே.ஐ.எஸ். சோதனையின் தம்பி அது. எங்கள் லேப்பிலும் செய்கிறோம். 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றின் மேல் 0.4 மில்லி பாக்டீரியாத் தண்ணீரை விட்டு, அதன் மேல் 4 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை மூடி, 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அப்புறம் கழுவி எடுத்துத் தட்டில் பரப்பி எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவது.

இப்போது கணக்குப் போடுங்கள். 16 சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லி. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 0.025 மில்லி, கால் மில்லிமீட்டர் கனத் தண்ணீர். கேன்வாட்டர்காரன் அண்ணன் தொட்டி ஒரு மீட்டர் கனசதுரம் என்று வைத்துக்கொண்டால் நனையும் சுவர், அடி எல்லாம் சேர்த்து 5 சதுர மீட்டர். ஆயிரம் லிட்டரை அதில் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லி வருகிறது. எண்ணூறு மடங்கு. துத்தநாக ஆக்சைடு, தாமிர ஆக்சைடு மாதிரி அயனி கசிந்து கொல்கிற பூச்சுக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். மெல்லிய படலத்தில் கசிந்தது அங்கேயே சேர்ந்து விஷமாகும், தொட்டியில் ஆற்றில் கரைத்த புளிதான்.

அது போக, இந்தச் சோதனை பயோஃபிலிம் (பாக்டீரியா ஒட்டி வளர்க்கும் படலம்) சோதனையே இல்லை. நீந்திக்கொண்டிருந்த பாக்டீரியாவைக் கொண்டுவந்து படுக்கவைத்துக் கொல்வது. ஒட்டி, தன்னைச் சுற்றிச் சர்க்கரை, புரதம், தன் டி.என்.ஏ. எல்லாம் கலந்த கோந்தைச் சுரந்து, அதற்குள் குடித்தனம் நடத்துகிற பாக்டீரியா வேறு ஜாதி. மருந்து, கிருமிநாசினி எதற்கும் நீந்துகிற பாக்டீரியாவை விட நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு தாங்கும். உங்கள் விரலில் வழவழத்தது அந்தக் கோந்துதான்.

99.9 என்றதும் எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள். பத்து லட்சத்தில் 99.9 போனால் மீதி ஆயிரம். நல்ல சாப்பாடு கிடைத்தால் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டாகும், ஐந்து மணி நேரத்தில் மறுபடி பத்து லட்சம். ஆர்.ஓ. தண்ணீரில் சாப்பாடு குறைவு, ஐந்து மணி நேரம் ஐந்து நாளாகும், அவ்வளவுதான்.

தும்பிறகு | செவ்வாய், அதிகாலை 12:15

எல்லாரும் சேர்ந்து மொத்தமாக முடித்து வைக்கிறீர்களே. நானோ என்றால் ரசாயனம் மட்டுமா? வடிவத்தாலேயே கொல்கிற பரப்புகள் இருக்கின்றன, அதற்கு ஒளியும் வேண்டாம், அயனியும் வேண்டாம். 2012-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்து இவானோவா குழுவினர் சிள்வண்டின் இறகில் சூடோமோனாஸ் பாக்டீரியாவை விட்டுப் பார்த்தார்கள். இறகின் மேல் 200 நானோமீட்டர் உயரத்தில் வரிசை வரிசையாகக் குட்டித் தூண்கள், தூணுக்குத் தூண் 170 நானோமீட்டர் இடைவெளி. பாக்டீரியா அதன் மேல் உட்கார்ந்ததும் சவ்வு தூண்களுக்கு நடுவே இழுபட்டுத் தொய்ந்து, சில நிமிடத்தில் கிழிந்துவிடுகிறது. ரசாயனமாக இருக்குமோ என்று மேலே மெல்லிய தங்கம் பூசியும் பார்த்தார்கள், அப்போதும் செத்தது. அப்புறம் தும்பி இறகு, அதே வடிவத்தில் கருப்பு சிலிக்கான் எல்லாம் வந்தன. டைட்டானியத்தைக் காரக் கரைசலில் வேகவைத்து ஆக்சைடு நானோ முட்கள் வளர்க்கிறார்கள், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செய்தது. இருட்டிலும் முள் முள்தானே?

அகார்தட்டு | செவ்வாய், காலை 8:30

முள் முள்தான், ஆனால் அதே கட்டுரையின் முதல் பக்கத்தைப் படியுங்கள். இறகு பாக்டீரியாவை ஒட்டவிடாமல் தடுக்கவில்லை, ஒட்டவிட்டுக் கொல்கிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதாவது முள்ளில் பிணம் குத்தி நிற்கும். நூறாவது பிணத்துக்குப் பிறகு முள் எங்கே தெரியும்? சிள்வண்டுக்குப் பிரச்சினை இல்லை, சில வாரம் வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். இன்னொன்று, சிள்வண்டு இறகு ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி தடித்த சுவர் கொண்டவற்றைக் கொல்லவில்லை. தும்பி இறகும் கருப்பு சிலிக்கானும்தான் அவற்றையும் கொன்றன. முள்ளின் உயரம், கூர்மை, இடைவெளி எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

நானோகுழாய் | செவ்வாய், காலை 9:50

வடிவம் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் செய்தது டைட்டானியம் நானோ குழாய்கள். டைட்டானியம் தகட்டை ஃப்ளோரைடு கலந்த கரைசலில் தொங்கவிட்டு 20 வோல்ட் கொடுத்தால், மேலே ஆக்சைடு வளரும்போதே ஃப்ளோரைடு அதைக் குடைந்துகொண்டே வரும். அரை மணியில் தேன்கூடு மாதிரி குழாய் குழாயாக நின்றுவிடும், வோல்ட்டைக் கூட்டினால் குழாய் விட்டம் கூடும். முதல் தடவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தோடு வேலை என்பதால் இரண்டு ஜோடி கையுறையும் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்புமாகத்தான் எல்லாம் நடக்கும், அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

பிரச்சினை அப்புறம்தான். இந்தக் குழாய்களில் பாக்டீரியா குறைகிறதா, கூடுகிறதா என்பதற்கே ஒரே பதில் இல்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வெப்ஸ்டர் குழு 2010-இல் வெளியிட்டதில் நானோ குழாய்ப் பரப்பில் சாதாரண டைட்டானியத்தை விட அதிகப் பாக்டீரியா ஒட்டியது. ஃப்ளோரின் மிச்சமும், ஆக்சைடு படிகமாகாமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதே குழு அடுத்த வருடம் 80 நானோமீட்டர் விட்டக் குழாயைச் சூடாக்கிப் படிகமாக்கிப் பார்த்தபோது குறைந்தது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே உலோகம். அப்படியானால் "நானோ" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எதையாவது சொல்ல முடியுமா? என் துண்டுகளிலும் மூன்று மாதம் அருமையாகக் குறைந்துகொண்டே வந்தது, நாலாவது மாதம் திடீரென்று கூடியது. காரணம் தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், புதிதாக வந்த ஜூனியர் துண்டுகளைக் கழுவும் நேரத்தைக் குறைத்திருக்கிறான். ஃப்ளோரைடு மிச்சம் நின்றுவிட்டது. அவனைத் திட்டவில்லை, கழுவும் நேரத்தை நான் நோட்டில் எழுதியே வைக்கவில்லை.

இதெல்லாம் எலும்பு இம்ப்ளான்ட்டுக்கான வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கணக்கு வேறு. உடம்புக்குள் வைத்த உலோகத்தை முதலில் நம் செல் பிடிக்கிறதா, பாக்டீரியா பிடிக்கிறதா என்பது ஒரு ஓட்டப்பந்தயம், ஆன்டனி கிரிஸ்டினா என்பவர் 1987-இலேயே அப்படித்தான் சொன்னார். சில நாள் பாக்டீரியாவைத் தள்ளிப்போட்டால் போதும், நம் செல் இடத்தைப் பிடித்துவிடும். உங்கள் தொட்டியில் இடம் பிடிக்க நல்லவர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

ரிட்டயர்டுஃபிட்டர் | செவ்வாய், இரவு 9:10

தம்பி, படித்தவர்கள் எல்லாம் பேசிவிட்டார்கள், நானும் கொஞ்சம் சொல்கிறேன். கடலோர மின் நிலையம் ஒன்றில் 31 வருடம் கண்டென்சர் பக்கம் வேலை பார்த்தவன். கடல் தண்ணீரை உள்ளே இழுத்து ஆயிரக்கணக்கான குழாய்களில் ஓட்டி நீராவியைக் குளிரவைப்பது. பழைய காலத்தில் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்கள், அதிலிருந்து கொஞ்சமாகச் செம்பு கசிந்துகொண்டே இருக்கும், பாசி அவ்வளவாக அண்டாது. ஆனால் அரிக்கும். அப்புறம் டைட்டானியம் குழாய் வந்தது. உப்புத் தண்ணீர் என்ன செய்தாலும் அசையாது, ஐம்பது வருடம் நிற்கும். ஆனால் அதில் விஷம் ஒன்றும் இல்லை பாருங்கள், பாக்டீரியாவுக்கு மாமியார் வீடு. படலம் காகிதக் கனம் இருந்தாலே வெப்பம் போகாது, அது முக்கால்வாசித் தண்ணீர்தானே, டைட்டானியத்தைப் போல வெப்பம் கடத்துமா?

கல்பாக்கத்தில் இதற்கென்றே ஆட்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். அங்கே கடலுக்கடியில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது, அதில் பச்சை ஆளி கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும், குளோரின் போட்டுத்தான் கட்டுப்படுத்துகிறார்கள். டைட்டானியத்தை அனோடைஸ் செய்து, அதாவது மின்சாரம் விட்டு மேலே ஆக்சைடு வளர்த்து, ஒளி காட்டினால் பாக்டீரியா ஒட்டுவது குறைகிறது என்று 2000-களின் தொடக்கத்திலேயே அவர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மேலதிகாரி ஒருவர் அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து கூட்டத்தில் படித்தார். நான் கையைத் தூக்கி, சார், பத்து மீட்டர் நீளக் குழாய்க்குள் யார் டார்ச் அடிப்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். கடைசிவரை எங்களுக்குக் கை கொடுத்தது ஸ்பாஞ்ச் பந்துதான். குழாயை விடக் கொஞ்சம் பெரிய பந்தைத் தண்ணீரோடு ஓடவிட்டால் உள்ளே தேய்த்துக்கொண்டே போய் அந்தப் பக்கம் வந்து விழும், அதைப் பிடித்து மறுபடி விடுவோம். நாள் தவறாமல்.

உன் தொட்டியின் உள் வெல்டிங்கைத் தேய்த்து விட்டிருக்கிறார்களா? அதை முதலில் பார்.

கேன்வாட்டர்காரன் | புதன், காலை 6:55

ஐயா, வெல்டிங் மேடாகத்தான் இருக்கிறது, விரலில் தட்டுகிறது.

ரிட்டயர்டுஃபிட்டர் | புதன், காலை 7:20

அங்கேதான் இருக்கிறான். உணவுத் தொட்டி என்றால் உள்பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருக்கவேண்டும் என்பார்கள், வெல்டிங்கும் சேர்த்துத்தான். மலிவு விலைத் தொட்டிகளில் தகடு பளபளக்கும், வெல்டிங்கை அப்படியே விட்டுவிடுவார்கள். பாக்டீரியா ஒரு மைக்ரான், அதற்கு அந்த மேடு ஏற்காடு மலை மாதிரி, ஒதுங்க எத்தனை பள்ளம். நானோவுக்கு முன்னால் மைக்ரோவைப் பாருங்கள்.

எதிலும்சந்தேகம் | புதன், காலை 9:00

சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்டில் இருப்பதும் டைட்டானியம் டை ஆக்சைடுதானே? அப்படியானால் ஊரில் வெள்ளையடித்த வீடெல்லாம் பாக்டீரியா இல்லாமல் இருக்கவேண்டுமே.

நானோகுழாய் | புதன், காலை 11:40

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டாலும். பெயிண்டில் போடுவது பெரும்பாலும் ரூட்டைல் வடிவம், அதையும் சிலிக்கா, அலுமினாவால் மேலே மூடித்தான் போடுவார்கள், ஒளியில் அது வேலை செய்யக்கூடாது என்பதற்காகவே. வேலை செய்தால் பாக்டீரியாவைத் தின்பதற்கு முன்னால் தன்னைப் பிடித்துவைத்திருக்கிற பெயிண்ட் பசையைத் தின்னும், சுவரைத் தொட்டால் கையில் மாவு ஒட்டும். இதையே திருப்பிப் பாருங்கள். ஸ்பிரே அடித்து அறை வெப்பத்தில் காயவைக்கிற கோட்டிங்கில் பசை என்ன என்று அந்த ஆளிடம் கேளுங்கள். கண்ணாடிக் கம்பெனிகள் சூடான கண்ணாடியின் மேலேயே ஆக்சைடை வளர்க்கிறார்கள், பசையே கிடையாது, அதனால்தான் வருடக் கணக்கில் நிற்கிறது. தொட்டிக்குள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒருவர் ஸ்பிரே அடிப்பது வேறு கதை. அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை.

தும்பிறகு | புதன், மாலை 5:25

சரி, டைட்டானியத்தை விடுங்கள். துத்தநாக ஆக்சைடு இருட்டிலும் வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன்.

நானோகுழாய் | புதன், இரவு 8:15

செய்யும், ஏனென்றால் அது கரைகிறது. அதுதான் அதன் பலமும் பலவீனமும். துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமினும் கலந்த தண்ணீரில் துண்டை 90 டிகிரியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் அறுகோணக் குச்சிகள் புல் மாதிரி முளைக்கும். எஸ்.எஸ். துண்டில் வளர்த்துப் பார்த்தேன், அழகோ அழகு. அடுத்த நாள் துடைப்புப் பஞ்சால் ஒரு தடவை இழுத்தேன், பஞ்சில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அமிலம் பட்டாலும் போய்விடும், காரம் பட்டாலும் போய்விடும். நீங்கள் தொட்டியைச் சிட்ரிக் அமிலத்தால் கழுவுவீர்கள்தானே, முதல் கழுவலிலேயே காணாமல் போகும். போனது எங்கே போகும்? கேனுக்கு. தாமிரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குடிநீரில் துத்தநாகத்துக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரவிதி லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை ஏற்கிறது, தாமிரத்துக்கு 0.05 மட்டும்தான்.

இருட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் டிரெமல் குழுவினர் 2012-இல் வனேடியம் பென்டாக்சைடு நானோ கம்பிகளைக் கப்பல் பெயிண்டில் கலந்து பார்த்தார்கள். சில கடல்பாசிகளிடம் இயற்கையாகவே ஒரு நொதி இருக்கிறது, அது கடல் நீரிலுள்ள புரோமைடையும் துளி ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து ஹைப்போபுரோமஸ் அமிலம் செய்து பாக்டீரியா ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞையையே அது கெடுத்துவிடும், கூட்டம் கூடலாம் என்ற தகவலே போய்ச் சேராது. இந்த ஆக்சைடு அதே நொதி வேலையைச் செய்கிறது. பின்னால் சீரியம் ஆக்சைடிலும் செய்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த வேலை இதுதான், கொல்வதை விடக் கெடுப்பது கெட்டிக்காரத்தனம். கப்பல்களில் எதுவும் ஒட்டாமலிருக்கப் பூசிவந்த டிரைபியூட்டைல் டின் என்ற விஷம் 2008 முதல் உலக அளவில் தடை, இன்னமும் தாமிர ஆக்சைடைத்தான் டன் கணக்கில் பூசுகிறார்கள், அந்த இடத்துக்கு இப்படி ஒன்று வந்தால் நல்லது. ஆனால் அண்ணா தொட்டியில் புரோமைடும் இல்லை, பெராக்சைடும் இல்லை.

அகார்தட்டு | வியாழன், காலை 8:10

பேசிக்கொண்டே இருப்பதற்கு ஒரு சோதனை செய்யலாமே. அந்த ஆளிடம் கோட்டிங் போட்ட துண்டு மூன்று, போடாத அதே எஸ்.எஸ். துண்டு மூன்று வாங்குங்கள். நைலான் நூலில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள், மூடி வழக்கம்போல மூடியே இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து எடுத்து, நல்ல தண்ணீரில் மெதுவாக முக்கி எடுத்து, கிரிஸ்டல் வயலட் கரைசலில் பத்து நிமிடம் போட்டு மறுபடி அலசுங்கள். ஊதா நின்ற இடம் படலம். உயிரோடு இருப்பதற்கும் செத்ததற்கும் சேர்த்தே சாயம் பிடிக்கும், பரவாயில்லை, உங்களுக்கு வழவழப்பு போகிறதா என்பதுதானே கேள்வி. கையில் பட்டால் ஒரு வாரம் போகாது, கையுறை போடுங்கள்.

கூடவே தொட்டிச் சுவர், வெல்டிங், கேஸ்கட் பின்பக்கம், ஃபில்லிங் ஹோஸ் உள்பக்கம் என்று நாலு இடத்தில் ஸ்வாப் எடுத்து லேப்புக்குக் கொடுங்கள். தனித்தனியாக.

கேன்வாட்டர்காரன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 3:30

இழையை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

அந்த ஆள் முதலில் துண்டு தரத் தயங்கினார், மூன்று தடவை போன் செய்த பிறகு கோட்டிங் போட்டது இரண்டு மட்டும் கொடுத்தார். போடாத துண்டு இரண்டு நானே லேத்துப் பட்டறையில் வெட்டிக்கொண்டேன். நாற்பத்து மூன்று நாள் தொங்கின. எடுத்தபோதே கோட்டிங் துண்டில் தண்ணீர் உருளவில்லை, சும்மா நனைந்து நின்றது, நானோகுழாய் சொன்னது சரி. சாயம் போட்டுப் பார்த்தால் நாலிலும் ஊதா. கோட்டிங் போட்ட ஒன்றில் கொஞ்சம் வெளுப்பு, இன்னொன்றில் விளிம்பெல்லாம் திட்டுத் திட்டாக மற்றதை விடக் கருப்பு. என் சுண்டு விரலும் ஊதா, இன்னும் போகவில்லை.

ஆனால் விஷயம் அதுவல்ல. ஸ்வாப் ரிப்போர்ட்டில் தொட்டிச் சுவர் பரவாயில்லை, வெல்டிங் மோசம், கேஸ்கட் அதைவிட மோசம். ஃபில்லிங் ஹோஸ் எண்ணவே முடியாத அளவு என்று எழுதியிருந்தார்கள். யூ.வி.க்கு அப்புறம் வருகிற ஹோஸ் அது, மூன்று வருடமாக மாற்றவில்லை. கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே நுங்குத் தோலை உரித்த மாதிரி ஒரு வழுவழுப்பு, இளஞ்சிவப்பாக. மோந்து பார்த்தேன், கடைக்காரர்கள் சொன்ன அதே வாடை. மனைவி பார்த்துவிட்டு இதையா ஊருக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம் என்றாள், பதில் சொல்ல முடியவில்லை.

ஹோஸ் மாற்றியாயிற்று, இனி நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவதாக இருக்கிறேன். உள் வெல்டிங்கைத் தேய்த்துப் பாலிஷ் போட ஈரோட்டிலிருந்து ஆள் வந்தார், 6,500 ஆயிற்று. கேஸ்கட் புதுசு. போன வார ரிப்போர்ட் இறங்கியிருக்கிறது.

அகார்தட்டு | ஞாயிறு, மாலை 4:12

இரண்டு துண்டை வைத்துக் கோட்டிங் நல்லது கெட்டது என்று எதுவும் சொல்ல முடியாது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். நாங்கள் சி.டி.சி. ரியாக்டர் என்று ஒன்று வைத்திருக்கிறோம், அதில் ஒரே தடவையில் 24 துண்டு போட்டு, தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வளர்ப்போம், அப்போதே சிதறல் இருக்கும். இளஞ்சிவப்பு என்றீர்களே, அது என்ன என்று தெரிய ஆசை. அந்த ஹோஸ் துண்டு இருந்தால் பத்து சென்டிமீட்டர் வெட்டிக் கவரில் போட்டு அனுப்ப முடியுமா?

ரிட்டயர்டுஃபிட்டர் | ஞாயிறு, மாலை 6:40

ஹோஸில் ஸ்பாஞ்ச் பந்து விட்டுப் பார் தம்பி. அக்வேரியக் கடையில் கிடைக்கிற ஸ்பாஞ்சை வெட்டினாலே போதும். மாற்றுவதற்கு இடையில் வாரம் ஒரு தடவை.

கொங்குகூலர்ஸ் | திங்கள், காலை 10:05

புதிதாகச் சேர்ந்தவன். காங்கேயத்தில் எங்கள் பிளாண்டுக்கும் போன வாரம் ஒருவர் நானோ கோட்டிங் என்று வந்தார். தகட்டில் தண்ணீர் விட்டுக் காட்டினார், உருண்டு ஓடியது. அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

கேன்வாட்டர்காரன் | திங்கள், காலை 10:09

நீலக் கலர் பை, வலது கையில் வெள்ளிக் காப்பு போட்டிருந்தாரா?